பதினான்காம் திரையின் பாறை

முஷியாவில் மூடிப்போன மதுக்கடையிலிருந்து
குளியல் துண்டில் சுற்றி வந்தது பலகை.
கூடவே கடைக்காரரின் மருமகள் எழுதிய சீட்டு:
"பெட்டி விறகாகிவிட்டது. திரையை மாமா உடைத்தார்.
மிஞ்சியது இதுதான்.
தபால் செலவை மட்டும் கொடுங்கள்."

பகலில் வீகோ துறைமுகத்தில்
உறைந்த கணவாய்ப் பெட்டிகளை எண்ணுகிறவள் நான்.
இரவில் எண்ணுவது வேறு.

ஆட்டத்தின் பெயர் சிவப்புக் கலங்கரை.
நாற்பது பலகைகள்தான் செய்தார்களாம்.
செய்த கம்பெனி மறு வருடமே
சலவை இயந்திரத்துக்கு டைமர் செய்யப் போய்விட்டது.
ஒரு படகு. நிறையப் பாறை.
விளக்கு சுற்றி வரும் நொடியில் மட்டும் பாறை தெரியும்,
மற்ற நேரமெல்லாம் கறுப்பு.
அந்தக் கரையில்
அப்பாக்கள் கூலிக்குச் செய்ததைப்
பிள்ளைகள் இருபத்தைந்து பெசெட்டா கொடுத்துச் செய்தார்கள்.

எட்டுச் சில்லுகள். கால்களில் உப்பு.
பல்குத்தும் குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்துச் சுரண்டி
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிப் படிப்பானில் பொருத்தினேன்.
ஏழாவது மட்டும்
கேட்கும்போதெல்லாம் வேறு வேறு பதில் சொன்னது,
காவல் நிலையத்தில் நிற்பவனைப் போல.
ஹேர் டிரையரால் சூடு காட்டினேன்.
பதினொன்றாம் முறையும் பன்னிரண்டாம் முறையும்
ஒரே பதில்.
அத்தோடு வாயை மூடிக்கொண்டது.
இனித் திறக்காது.

பெர்கமோவில் ஒத்தாவியோவிடம் இன்னொரு பலகை.
அவர் படித்ததையும் நான் படித்ததையும் அருகருகே வைத்தோம்.
அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு பைட்டில்
ஒன்றே ஒன்று ஒத்துப்போகவில்லை.
"உன்னுடையது அழுகல்" என்றார்,
அன்பாகத்தான்.

தேடிப் போனேன் அந்த ஒன்றை.
பதினான்காம் திரை, மூன்றாம் பாறை.
அவருடையதில் பாறை பாறையாகவே இருக்கிறது, முட்டினால் சாவு.
என்னுடையதில் பார்வைக்குப் பாறை.
படகு நேராக உள்ளே போய்
மறுபக்கம் நனையாமல் வருகிறது.

முப்பது வருட ஈரம் தின்ற துளையா?
தூக்கக் கலக்கத்தில் எவனோ தட்டிய தப்பு எண்ணா?
இல்லை, பாறைமேல் மோதிச் செத்த எவனோ ஒருவனுக்காக
வேண்டுமென்றே திறந்து வைத்த சந்தா?
சில்லிடம் கேட்க முடியாது.

ஷுர்ஷோ முஷியாக்காரர்,
எங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்.
"மூணாம் பாறையா? அதுக்குள்ளே போகலாமே!
எண்பத்தாறுல, மழை விடாத ஒரு ஞாயித்துக்கிழமை,
நானே போனேன்."
அவர் பிடித்த ஆக்டோபஸ்
ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஒரு கை நீளும்.
இருப்பது ஒரே சாட்சி.
அந்தச் சாட்சியும் ஷுர்ஷோ.

வீட்டுக்கு அழைத்து மடிக்கணினியைத் திறந்தேன்.
மூடுபனிச் சங்கு ஒருமுறை ஊதியது.
சமையலறைச் சுவரிலும் அவர் வழுக்கையிலும்
சிவப்பு வந்து வந்து போனது.
"காசு எங்கே போடுறது?"
ஐந்தாம் எண்ணை அமுக்கினால் காசு என்றேன்.
"எத்தனை தடவை?"
எத்தனை தடவை வேண்டுமானாலும்.
சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார்,
யாரோ பின்னால் பில் கொண்டுவரப் போவதைப் போல.

மூன்றாம் திரையில் மூழ்கினார்.
விசைப்பலகையைத் திட்டினார். மூக்குக்கண்ணாடியைத் திட்டினார்.
இரண்டாம் திரையில் மூழ்கினார்.
சாகாத படகு என்று ஒரு வசதி உண்டு இதில்.
நான் சொல்லவில்லை.

இரண்டு படிப்பையும் காப்பகத்தில் சேர்த்துவிட்டேன்.
ஒன்று பாறை, ஒன்று வழி.
எது மூலம் என்ற கட்டத்தில் கேள்விக்குறி போட்டேன்.
சாட்சிகள் என்ற கட்டத்தில்
அவர் பெயரை எழுதினேன், அழித்தேன்,
எழுதினேன்.

மணி இரண்டு.
இன்னும் ஐந்தை அமுக்கிக்கொண்டிருக்கிறார்.
திரை மூலையில் காசுக் கணக்கு
தொண்ணூற்றொன்பதில் நின்றுவிட்டது.
அதற்கு மேல் எண்ண
அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.